காணாமல் போன ஐந்து

தையல் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் பசை இன்னும் காயவில்லை. தாளில் சிவப்புப் பட்டை ஒன்று கீழே இறங்குகிறது. அதே நீளத்தில் பச்சைப் பட்டை ஒன்று மேலே ஏறுகிறது. ஓய்வு நேரம், போன வருடம் ஐம்பது சதவீதம் குறைப்பு, இன்று முதல் ஐம்பது சதவீதம் உயர்வு. "குறைச்சதத் திருப்பிக் குடுத்தாச்சு. இனிமே யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சூப்பர்வைசர் பலகையைத் தட்டுகிறார். பின்வரிசையில் யாரோ கைதட்டவும் செய்கிறார்கள். காலர் தைப்பவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தேநீர்க் குவளையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கழுத்தில் கிடக்கும் இஞ்சுடேப்பை உருவி மேசைமேல் இருபது அங்குலம் நீட்டுகிறாள். "எங்களுக்கு இருந்தது இருபது நிமிஷம் சார். பாதிய வெட்டினீங்க, பத்து." டேப்பை மடிக்கிறாள். "இன்னிக்கு ஏத்தினது இந்தப் பத்துல பாதி. வெறும் அஞ்சு. ஆக, பதினஞ்சு. மிச்ச அஞ்சு எங்க சார்? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"ரெண்டு பட்டையும் ஒரே அளவாத்தானேம்மா இருக்கு?"

"வெட்டினது இருபதுல. ஏத்தினது பத்துல. அத உங்க பட்டை சொல்லாது."

ஓய்வின் பதினைந்தாவது நிமிடம், வேலைக்குத் திரும்பும் மணி அடிக்கிறது. நாற்பது இயந்திரங்களும் ஊமையாக நிற்கின்றன. கைதட்டியவர்கள்கூட எழுந்திருக்கவில்லை. அவள் ஆறிப்போன தேநீரை எடுத்து நிதானமாக ஒரு மிடறு குடிக்கிறாள்.

"மணி கேக்கலையா?"

"கேட்டுச்சு சார். அஞ்சு நிமிஷத்துல வர்றோம்."