ரிப்போர்ட் வரும்வரை

இன்னும் ஒரு நாள் தாமதமாகட்டும்.

கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே நினைத்தாள். இன்று மூன்றாம் நாள்.

"நீயும் உக்காரு சாமி. அப்பறம் தனியா உக்காந்து திங்கோணுமா?" என்றான்.

உட்கார்ந்தாள். அவனே அவள் தட்டில் ரசம் ஊற்றினான். கொஞ்சம் சிந்தியது. துணி எடுத்துவந்து அவனே துடைத்தான்.

குடலில் இருந்த புற்றுநோயை வெட்டி எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். அது கோபியிலிருந்து கோயமுத்தூர் போய் முடிவு வர மூன்று நாள். "ரத்தத்துல அந்த நம்பர் அஞ்சுக்குள்ள இருக்கோணும். ஏறுச்சுன்னா, மறுபடியும் வந்திருக்கான்னு தேடிப் பாக்கோணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரத்தம் கொடுத்த நிமிடத்திலிருந்து அவன் மாறிவிடுவான்.

குரல் இறங்கிவிடும். குளித்த துண்டை அவனே கொடியில் போடுவான். இருபத்தாறு வருடமாக 'இந்தா' என்று கூப்பிட்டவன் வாயில் 'சாமி', 'கண்ணு' எல்லாம் வந்துவிடும்.

ரிப்போர்ட் வரும்வரை.

வருடத்துக்குப் பன்னிரண்டு நாள்.

அறுவைக்குப் பிறகு மலம் சேர வயிற்றில் பை வைத்திருந்தபோதும் இப்படித்தான் இருந்தான். எட்டு மாதம். அவள் பையைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். "உன்னயப் படுத்துன பாட்டுக்கெல்லாம்..." என்று ஆரம்பிப்பான். முடிக்கமாட்டான். அவள் ஈரத் துணியால் தோலைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

பிறகு பையை எடுத்துவிட்டுக் குடலைச் சேர்த்துத் தைத்தார்கள்.

மூன்றாவது வாரம் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றிவிட்டு எழுந்து போனான். அவன் ஹோட்டலில் தின்றுகொள்வான். அந்தத் தண்ணீர்க் குழம்பை அவளும் பிள்ளைகளும் எத்தனையோ வருடம் தின்றிருக்கிறார்கள்.

அன்று அவளுக்கு வருத்தம்கூட வரவில்லை.

குணமாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

போன முறை இரண்டு புள்ளி மூன்று. அவனுக்கு எழுத்து தெரியாது என்றில்லை, பார்க்கப் பயம். அவள்தான் போனைத் திறந்து படித்துச் சொல்ல வேண்டும். சொன்னதும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"எமனுக்கே நம்மளக் கண்டா பயம்."

சிரித்தான். பிறகு தம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

"இதென்ன, காப்பியா கழனித்தண்ணியா?"

நோய் திரும்பி வர வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டதும் இல்லை. அதைப் போன முறைதான் கண்டுகொண்டாள். கண்டுகொண்டபோது தன்மேலேயே கொஞ்சம் பயம் வந்தது.

நாலு மணிக்குப் போன் ஒலித்து அடங்கியது.

அவன் தொடவில்லை. அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

திறந்தாள். எண்ணைப் பார்த்தாள்.

பார்ப்பதற்கும் சொல்வதற்கும் நடுவே இருக்கும் அந்தச் சில நொடிகள் அவளுடையவை. இந்த வீட்டில் வேறெதுவும் அவ்வளவு தூரம் அவளுடையதாக இருந்ததில்லை.

"பதினாலுங்க."

"செரியாப் பாரு."

"பதினாலு புள்ளி ரெண்டு."

டாக்டரிடமும் அவள்தான் பேசினாள். வேறு காரணத்தாலும் ஏறலாம், நாளைக் காலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அவன் போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனான். சத்தியமங்கலத்தில் இருக்கும் அக்காவிடம் வெகுநேரம் பேசினான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான்.

"அக்கா சொல்றா. எத்தன வைத்தியம் பாத்தாலும் ஊட்டுல ஒருத்தி வயிறெரிஞ்சுட்டே இருந்தா எறங்காதுங்கறா."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள்.

"நீ மனசுல ஏதோ வெச்சிருக்கற கண்ணு. அதான் ஏறுது."

குரல் இன்னும் மிருதுவாகத்தான் இருந்தது.

"எம்மேல கோவமில்லைன்னு ஒரு வார்த்த சொல்லீரு. அது போதும் எனக்கு."

அவளுக்குள் என்ன இருக்கிறது என்று அவன் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கிறான். தன் ரத்தத்துக்காக.

சொல்லிவிடலாம். இதைவிடக் கடினமானதையெல்லாம் அவனுக்காகச் செய்திருக்கிறாள்.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"காலைல வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. இன்னிக்கு நேரத்துலயே சாப்பிட்ருங்க."

ஃபைலை எடுத்து, பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி பார்த்து அடுக்கினாள்.

"கண்ணு..."

"வேட்டி வேண்டாமுங்க. அங்க மாத்தச் சொல்லுவாங்க. மாத்தறதுக்குச் சுளுவா லுங்கியே எடுத்து வெக்கறேன்."

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் லுங்கியை உதறி, நாலாக மடித்தாள்.