மூன்றாவது ஜோடி

சாயம் கலந்தால் பாக்டீரியா இரண்டாகப் பிரிந்தும் விலகாமல் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். சாயம் கூடினால் கொத்தும் பெரிதாக வேண்டும். ஆனால் ஜப்பானின் கிர்யூ ஊர்ச் சாயப்பட்டறை ஆய்வகத்தில் மிசாவோ எவ்வளவு ஊதாச் சாயம் விட்டாலும் கொத்துக்கு மூன்று செல்தான். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தராவிட்டால் அவளுடைய ஆய்வை நிறுத்திவிடுவார்கள்.

“நாலாவது தடவையும் மூணா? கண்ணாடிய மாத்தும்மா,” என்றார் அவளோடு வேலைபார்க்கும் மூத்தவர் குபோட்டா.

“நீங்களே எண்ணிப் பாருங்க சார்!” மிசாவோ எரிந்து விழுந்தாள்.

அவர் எண்ணினார். மூன்று.

அவர் சாப்பிடப் போனதும் அதே நுண்ணோக்கித் தகட்டில் எல்லாக் கொத்தும் இரண்டானது. திரும்பி வந்ததும் மறுபடி மூன்று. கொத்து அறையில் இருப்பவர்களை எண்ணுவதுபோல இருந்தது; ஆனால் அறையில் இருந்ததோ அவர்கள் இருவர்தான்.

வாசலில், அறைக்குள் மாட்டிக்கொள்ளும் உள்செருப்பும் இரண்டு ஜோடிதான். விருந்தாளிக்கு வைப்பதுபோல, முனை உள்ளே பார்க்க, மிசாவோ மூன்றாவது ஜோடியை வைத்தாள். மறுநாள் ஊதாவின் அளவுக்கு ஏற்பக் கொத்துகள் பெருத்தன: நான்கு, ஒன்பது, இருபது.