ஒழுங்குப் பிரச்சினை

“ஒழுங்குப் பிரச்சினை, தலைவரே.”

கிழவர் மறுபடியும் எழுந்துவிட்டார்.

மேலே சட்டசபையின் பார்வையாளர் மாடத்தில் தையற்காரி பல்லைக் கடித்தாள். “இந்தாளு வாய்க்கு ஓய்வே கிடையாதா, அண்ணி?”

“பேசிப் பேசியே ஆளைக் கொல்லப் பொறந்த ஜென்மம்” என்றாள், அவள் கணவனின் அக்கா.

சிறுநீரகம் போனவர்களுக்கு எந்த மருத்துவமனையிலும் அரசு செலவில் ரத்தச் சுத்திகரிப்பு. தனியார் மருத்துவமனையும் மறுக்கக் கூடாது. மசோதா அவ்வளவுதான். தையற்காரியின் கணவனுக்கு வாரம் இரண்டு முறை அந்த இயந்திரம் வேண்டும். போன மாதம் தையல் இயந்திரத்தை விற்றுத்தான் அந்த இயந்திரத்துக்குக் கொடுத்தாள்.

இன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். மாலைக்குள் நிறைவேறாவிட்டால் மசோதா செத்துப்போகும். அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவாகக் கை தூக்க வேண்டும்.

கையே தூக்கவிடாமல் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார் எதிர்க்கட்சிக் கிழவர். அவையில் அவருக்கு ‘விதிப்புத்தகம்’ என்று பெயர்.

“மசோதாவின் நகல் ஒரு நாள் முன்னதாக வர வேண்டும் என்பது விதி. எனக்கு நேற்று அந்தி சாய்ந்துதான் வந்தது. அந்தியை நாள் என்று கொள்ளலாமா, தலைவரே?”

அவர் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். அவைத்தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

“அப்படியானால் இணைப்பில் உள்ள மருத்துவமனைகளின் பெயர்களை முழுவதும் வாசிக்கக் கோருகிறேன். அதுவும் விதிதான்.”

வாசித்தார்கள். மாவட்டம் மாவட்டமாக வாசித்தார்கள். கிழவர் நின்றபடியே கேட்டார்.

சுகாதார அமைச்சர் துள்ளி எழுந்தார். “வெளியே மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே இவர் பெயர்ப் பட்டியல் கேட்கிறார். தலைவரே, இந்த நிமிடமே வாக்கெடுப்பு நடத்துங்கள். யார் ஏழைகளின் எதிரி என்று ஊர் பார்க்கட்டும்.”

தையற்காரி கண் கலங்கக் கைதட்டினாள்.

“கைதட்டக் கூடாதும்மா” என்றார் மாடத்துக் காவலர்.

“திட்டலாமா?”

“மெதுவாத் திட்டுங்க.”

“மந்திரியே கேட்கிறாரே, ஓட்டெடுப்பு நடத்தினா என்னவாம்?” என்றாள் அண்ணி.

“ஒருத்தர் ஆட்சேபம் சொன்னா அதுக்குத் தீர்ப்பு சொல்லிட்டுத்தான் மணி அடிக்கணும். மணி அடிச்சுக் கதவைச் சாத்திட்டா, உள்ள இருக்கிறவங்க ஓட்டு மட்டும்தான் கணக்கு.”

“சாத்துங்களேன். அந்தக் கிழவனை வெளிய விட்டுட்டுச் சாத்துங்க.”

காவலர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

மதியம் கழிந்தது. கிழவரின் குரல் தேய்ந்து, காய்ந்த இலையை மிதித்தது போல ஆகிவிட்டது. அமைச்சர் இன்னும் மூன்று நான்கு முறை எழுந்து வாக்கெடுப்பு கேட்டார். ஒவ்வொரு முறையும் கிழவர் ஒரு விதியோடு குறுக்கே வந்தார்.

திடீரென்று, ஒரு வாக்கியத்தின் நடுவில், வாசல் பக்கம் பார்த்து நிறுத்தினார்.

“என் ஆட்சேபங்கள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன், தலைவரே.”

உட்கார்ந்துவிட்டார்.

“தொண்டை கட்டிப்போச்சு. கடவுள் இருக்கார்” என்றாள் அண்ணி.

மணி அடித்தது. கதவு சாத்தப்படுவதற்குள் ஒரு சக்கர நாற்காலி உள்ளே உருண்டு வந்தது. அதில் ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர், ஆஸ்பத்திரி உடுப்போடு, கையில் ஊசிக்குழாய் ஒட்டியபடி. ஆதரவுக் கைகள் உயர்ந்தபோது அந்தக் கையும் உயர்ந்தது. எதிர்ப்பவர்கள் கை தூக்கியபோது கிழவரும் தூக்கினார்.

அவைத்தலைவர் இருமுறை எண்ணச் சொன்னார். “தேவையான எண்ணிக்கை சரியாக இருக்கிறது. ஒன்று குறைந்திருந்தாலும் வீழ்ந்திருக்கும். மசோதா நிறைவேறியது.”

தையற்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கீழே நடைவழியில் கிழவர் தனியாக வந்துகொண்டிருந்தார். அவள் வழியை மறித்தாள்.

“நாள் பூரா நின்னு கெடுக்கப் பார்த்தீங்களே. கடைசியில எதிராக் கை வேற தூக்கினீங்க. என் வீட்டுக்காரர் முகத்தை ஒரு தரம் வந்து பாருங்க. பார்த்துட்டுப் பேசுங்க உங்க விதியை.”

“சரிம்மா” என்றார். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

“வெட்கமே இல்ல” என்றாள் அண்ணி, அவர் முதுகைப் பார்த்து.

லிஃப்ட் அருகே சக்கர நாற்காலி நின்றிருந்தது. அண்ணி ஓடிப்போய்க் கும்பிட்டாள். “ஐயா, இந்த உடம்போட வந்தீங்களே. உங்களை வரவழைச்ச அந்த மந்திரியும் நல்லாருக்கணும்.”

நோயாளி சுற்றும் முற்றும் பார்த்தார்.

“எங்க மந்திரியா? மசோதா தோத்தா எதிர்க்கட்சி மேல பழி போடலாம், ஜெயிச்சா ஆஸ்பத்திரி முதலாளிகளுக்கு யாரும்மா பதில் சொல்றது? ‘வராதே, படுத்துக்க, உன் ஓட்டு இல்லாமலே ஜெயிச்சிடுவோம்’னு காலையில சொல்லி அனுப்பினதே அவர்தான்.”

குரலைத் தாழ்த்தினார்.

“அவங்க கட்சிக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாங்க, வெளிய சொல்லாதீங்க. ‘கிளம்பி வாய்யா, நீ வந்து சேர்ற வரைக்கும் நான் உட்காரமாட்டேன்’னு எனக்குப் போன் பண்ணினது, இப்ப நீங்க நிக்க வச்சுத் திட்டினீங்களே, அந்த மனுஷன்.”