சிரித்த குற்றம்

1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 11. மலாயாவில், உலு திராமுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ரப்பர்த் தகடுகளைத் துப்புரவு செய்யும் பெண்கள், சிரித்த குற்றத்திற்காக உச்சிவெயிலில் நிறுத்தப்பட்டனர். இஃது அநீதி.

அத்தகடுகள் சீமைக்குச் சென்று மின்கம்பிக்கு உறையாகின்றனவாம். ஒரு துரும்பு ஒட்டியிருந்தாலும் மின்சாரம் கசியுமாம். சிரித்தால் எச்சில் தெறிக்குமாம். ஆகவே சிரிக்கக் கூடாதாம்.

மின்விளக்கை அப்பெண்களுள் ஒருத்தியும் கண்டதில்லை.

தோட்டப் பள்ளியில் ஆசிரியனாயிருந்து ஓய்வுபெற்ற என்னை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் லியோனார்ட் ஆளனுப்பி அழைத்தார்.

"வாத்தியாரே, எல்லாம் உங்ககிட்ட படிச்சதுங்க. இந்தச் சிரிப்ப ஆரம்பிச்சது யாருன்னு கேளுங்க. நாளைக்கே புல்வெட்டுக்கு அனுப்பிடுறேன்."

கொட்டகைச் சன்னலோரம் பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். மடியில் விரித்த தகடு, கையில் அழுக்கை வெட்டியெடுக்கும் கத்தரிக்கோல், குலுங்கும் தோள்கள்.

நான் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டேன். அதைக் கண்டதும் சந்திரமதி கத்தரிக்கோலை நழுவவிட்டாள். கருப்பாயி முந்தானையை வாய்க்குள் திணித்தாள்.

"யாரு ஆரம்பிச்சது?" என்றேன்.

"யாருமில்லீங்க வாத்தியாரே, அதுவா வந்துச்சு!" என்றாள் கருப்பாயி. வரிசை முழுவதும் சரிந்து விழுந்து சிரித்தது.

கடைசியில் அமர்ந்திருந்த பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தகட்டை மார்புவரை இழுத்துப் பிடித்திருந்தாள்.

என் பின்னால் நின்ற கிராணியார் மலாய்க்காரரைப்போல் வியந்து கூவினார்: "அலமாக்! பேச்சியம்மாளைப் பாருங்கடி! பல்லு தெரியுதா? அவதான் ஒழுங்கான வேலைக்காரி! அவ மட்டும் உள்ள இருக்கட்டும், மத்தவங்க எல்லாம் வெயில்ல போய் நில்லுங்க!"

அவ்வளவுதான். தேர் பார்க்கப் போகிறவர்களைப்போல, ஒருத்தி தோளை ஒருத்தி பற்றிக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தபடியே அனைவரும் வெயிலுக்கு ஓடினர். கிராணியாரும் பின்னாலேயே ஓடினார்.

கொட்டகையில் பேச்சியம்மாளும் நானும் எஞ்சினோம்.

அப்போது அவள் மடியிலிருந்த தகடு, அவள் கை அசையாமலே, துள்ளியது.

அடங்கிற்று. மறுபக்கம் துள்ளியது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்களில் அச்சம். ஐந்து மாதம் கடந்த கர்ப்பிணி நிழலில் அமர்ந்து வேலை செய்யக் கூடாது, புல்வெட்டுக்குப் போக வேண்டும் என்பது அத்தோட்டத்தின் சட்டம். அவளுக்கோ எட்டாம் மாதம்.

மேல்துண்டைக் கடித்தபடி வெளியேறி, நானும் அப்பெண்களோடு வெயிலில் நின்றேன். தோள் குலுங்குவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

கிராணியார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் தேடும் குற்றவாளி இன்னும் பிறக்கவில்லை.

அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வாசகரே, பிரசவம் ஆகும்வரை இதை அவருக்கு வாசித்துக் காட்டாதீர்!