வேர்க்கடலைத் தீர்ப்பு

வறுத்த வேர்க்கடலைத் தட்டை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, "ம், வாசிம்மா" என்றார் கசிரியே.

நமுபிரு தாள்களைக் கையில் எடுத்தாள்.

கம்பாலாவில் பதிப்பகம் நடத்துகிறவர்கள் கதையைத் தேர்ந்தெடுக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். முதலாளி கசிரியேயின் வழி இந்தத் தட்டு. வந்த எழுத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். முடிக்கும்வரை கேட்கிறவர்களில் ஒருவர் கையும் தட்டுக்குப் போகவில்லை என்றால், புத்தகம். ஒரே ஒரு கை போனாலும், 'தங்கள் படைப்பு எங்களுடைய தற்போதைய தேவைக்குப் பொருந்தவில்லை' என்று மரியாதையாக எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தேவை என்னவென்று எழுதுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வறுத்த கடலையைவிட ருசியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலையிலிருந்து வாசித்த கதைகளெல்லாம் தட்டிடம் தோற்றிருந்தன. ஒரு காதல் கதைக்குத் தட்டே காலியாகிவிட்டது. மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது.

இதுதான் கடைசிக் கதை. இதுவும் போனால் இந்த வருடம் கதைப் புத்தகமே கிடையாது. இருக்கிற காகிதம் மொத்தமும் நான்காம் வகுப்புக் கணக்கு வழிகாட்டிக்குப் போய்விடும். பள்ளிக்கூடங்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். அப்புறம் கதைப் பிரிவு எதற்கு என்று கேள்வி வரும். கதைப் பிரிவு என்பது நமுபிருவும் அவளுடைய மேசையும்தான்.

அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறவரும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கணக்கர் வண்டேரா. "கதை போட்டா முதலுக்கே மோசம்" என்பது அவர் வாரம் தவறாமல் ஓதுகிற மந்திரம். என்னவோ, இன்று ஓதவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நமுபிரு வாசித்தாள்.

புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண். அவன் ஓட்டிப் பிழைத்த வாடகை பைக்கைக் கொழுந்தன் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் முற்றத்தில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறான். விடிவதற்கு முன்னால், தன் வண்டியைத் தானே திருடப் புறப்படுகிறாள் அவள்.

விற்பனையைப் பார்க்கும் ஆச்சான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். கசிரியேயின் கை தட்டுக்குப் பாதி தூரம் வந்து, வந்த வேலையை மறந்து, மேசை மேலேயே படுத்துக்கொண்டது.

அதைப் பார்த்ததும் நமுபிருவின் குரலுக்குத் தெம்பு வந்தது. பக்கத்தைப் புரட்டினாள்.

மொறுக்.

வண்டேரா மென்றுகொண்டிருந்தார். ஒன்று போதாதென்று இன்னொன்று. பார்வை தரையில் இருந்தது. கை அதன் பாட்டுக்குத் தட்டுக்கும் வாய்க்கும் போய்வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டியது. பாவி மனுஷா, இன்றைக்கு ஒருநாள் உன் வாயைக் கட்டக் கூடாதா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வாசித்தாள்.

கதையில் சங்கிலி கழன்றது. அந்தப் பெண் வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வெளிக்கதவுவரை வந்தாள். அங்கே படுத்திருந்த நாய் கண்ணைத் திறந்தது.

முதல் அத்தியாயம் அந்த இடத்தில் முடிந்தது. வந்ததும் அது மட்டும்தான். பிடித்திருந்தால் மீதியைக் கேளுங்கள் என்று, நலுபேகா என்ற பெண் பெயரில், ஜிஞ்சா ஊர்த் தபால் பெட்டி எண் ஒன்றிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

கசிரியே பெருமூச்சு விட்டார். "நல்லாத்தான் இருந்துச்சு. என்ன பண்றது, கை போயிடுச்சே."

"ஸெபோ, அவர் பாதிரியார் ஜெபம் பண்றப்பவே எதையாவது மென்னுக்கிட்டு இருக்கற ஆளு" என்றாள் நமுபிரு. அங்கே ஐயா என்பதற்கு ஸெபோ. "அவர் கையை எல்லாம் ஒரு கையாச் சேக்காதீங்க. அந்த நாய் குரைச்சுதா இல்லையான்னாவது தெரிய வேண்டாமா நமக்கு?"

"குரைக்காம கொஞ்சுமா?" என்றாள் ஆச்சான். "கொழுந்தன் முழிச்சிருப்பான். அவ பொழப்பு போச்சு."

"குரைக்காது" என்றார் வண்டேரா.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் இன்னும் நிமிரவில்லை.

"எப்படிக் குரைக்கும்? அது அவ புருஷன் வளத்த நாய். வண்டியோட சேத்து அதையும்தானே கொழுந்தன் இழுத்துட்டுப் போனான். சத்தம் காட்டாம எந்திரிச்சு, அவ பின்னாடியே மேடு வரைக்கும் வரும். அங்க போய்த்தான் அவளுக்கே தெரியும், வண்டியில பெட்ரோல்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். காது மடல் வரை வியர்த்திருந்தது.

நமுபிரு தன் கையிலிருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள். நாய் யார் வளர்த்தது என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

கீழே தெருவில் ஒரு வாடகை பைக் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நமுபிருவுக்கு நெஞ்சு நிறைந்து, சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கசிரியே எழுந்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கணக்கருக்கு எதிரே போட்டு, முழங்கால் முட்ட உட்கார்ந்தார்.

"சொல்லும்மா நலுபேகா" என்றார். "வண்டியில பெட்ரோல் இல்லையா?"