அப்பாவின் அறையில் குதிரை

"உங்கப்பாவை லாயத்துல படுக்க வச்சிருக்காங்க" என்று யாரோ சொன்னதுதான் தாமதம், போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிட்டாள் மகள்.

சொன்னதில் பொய்யில்லை. அப்பாவின் அறையில் கட்டிலைக் காணோம். தரை முழுக்க ஒரு ஜாண் உயரத்துக்கு மரத்தூள். அதன் நடுவில் அப்பாவின் வண்டிக் குதிரை, மகாராணி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

தம்பி மனைவி அதன் முன்னங்காலை மடியில் வைத்து, கோணலாக வளர்ந்திருந்த குளம்பைச் சீவிக்கொண்டிருந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் அவள். குளம்புக்குள்ளிருந்து சீழ் வழிந்தது.

"என்ன அநியாயம் இது?"

"மெதுவா பேசுங்க அண்ணி. குதிரை மிரளும்."

"ஓஹோ! குதிரை மிரளுமா? எனக்கு வயிறு எரியுது. எங்கப்பாவை லாயத்துக்குத் துரத்துனது யாரு?"

"நான்தான்."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படியும் மழுப்புவாள் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"சொல்ல வெக்கமா இல்ல?"

"எதுக்கு வெக்கம்? லாயத்துல கல்லுத்தரை. தண்ணி வேற கசியுது. அங்கேயே நின்னா குளம்பு அழுகிக் கழண்டுடும்னு டாக்டர் சொல்லிட்டார். இது நுழையற மாதிரி கதவு இந்த ரூமுக்குத்தான் இருக்கு."

"சரி, அப்பாவுக்கு உங்க ரூமைக் கொடுக்கறதுதானே?"

"கொடுக்கல. என்ன செய்யப் போறீங்க?"

"கொழுப்புடி உனக்கு! இந்தக் குதிரையைப் பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்ட மனுஷனுக்கு இந்தக் கதியா? தெருவே உன்னைக் காறித் துப்புது, தெரியுமா?"

"துப்பட்டும். புதுக் குளம்பு வளரப் பத்து மாசம் ஆகும். அதுக்குள்ள அவங்களுக்கே வாய் வலிச்சிடும்."

இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மகள் விடுவிடுவென்று லாயத்துக்குப் போனாள். ஈரம் கசிந்த மூலையில் ஒரு கட்டில். அதில் அப்பா குறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"எழுந்திருங்கப்பா. இந்த நிமிஷமே நம்ம வீட்டுக்குப் போறோம். அந்த ராட்சசி முகத்துலயே இனிமே நீங்க முழிக்க வேண்டாம்."

"மாமா, நீங்க எதுவும் பேசாதீங்க!"

தம்பி மனைவிதான். கையில் கத்தியோடு ஓடி வந்திருந்தாள். இவ்வளவு நேரம் அதட்டிய குரல் இப்போது நடுங்கியது.

"போதும்மா. எனக்காக நீ பேச்சு வாங்கினது போதும்" என்று மருமகளிடம் சொன்ன அப்பா, மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவ ரூமைக் கொடுக்கத்தான் செஞ்சா. நான்தான் போகல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான். மூணு வருஷமா குளம்பைக்கூடச் சீவாம, அந்த வாயில்லா ஜீவனை இந்தத் தரையில கட்டிப்போட்டு, நொண்டினப்பல்லாம் சாட்டையால அடிச்சவன்மா நான். அதுக்குக் கால் ஆறட்டும்... அதுவரைக்கும் யார் வந்து கூப்பிட்டாலும் நான் இங்கேருந்து நகரமாட்டேன்!"