நாலாய்ப் பிரித்த சொல்

“அ... பான்... தொ... நே. நாலாப் பிரிச்சுச் சொல்லும், மதனி,” என்றான் பிரணவன், பாரிசிலிருந்து கைபேசியில்.

கண்டிக்குப் பக்கத்தில், கடுகண்ணாவை ஊர் வீட்டில், அவன் மனைவி மதனி சொல்லிப் பார்த்தாள்.

“பான் மூக்கால வரவேணும். திரும்பச் சொல்லும்.”

“என்ன அர்த்தமப்பா?”

“பிள்ளையோட நானும் பாரிசுக்கு வாறன் எண்டு. நாளைக்கு லோயர் வீடியோவில கேக்கேக்க இதை மட்டும் சொன்னாக் காணும். வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்.”

மதனி மகளை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

“ஓமப்பா.”

மறுநாள் திரையில் அந்த லோயர் அம்மா பிரெஞ்சில் கேட்டார். பக்கத்தில் பிரணவன் புன்னகையோடு இருந்தான்.

“பிள்ளையைக் கைவிடுகிறேன் என்று சொல்லும்படி இவர் பழக்கினார். நான் கைவிடமாட்டேன், மேடம்,” என்றாள் மதனி, தடங்கலில்லாத பிரெஞ்சில்.

பாரிசில் போய் இறங்கியதும் புருஷனை அசத்த வேண்டுமென்று, ஒரு வருஷமாய்க் கண்டி டவுனுக்குப் போய் அவனுக்குத் தெரியாமல் படித்த பிரெஞ்சு அது.